பிசிக்ஸ் ஆசிரியரே இல்லாமல் படித்த பெண்ணையும் அதே தராசில்தான் நிறுப்பார்களா?

தெற்குப் பக்கத்து அம்மா

வணக்கம். மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் போன வருஷக் கடைசியில் ஹெச்.எஸ்.சி. எழுதினாள், பதிமூன்றாம் கிரேடு முடிவில் வரும் கேம்பிரிட்ஜ் பரீட்சை. கணக்கில் ஏ, கெமிஸ்ட்ரியில் பி, பிசிக்ஸில் டி. இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று ஒன்பதாம் கிரேடிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். விண்ணப்பித்தோம், இடம் இல்லை என்று பதில் வந்துவிட்டது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தக் கொலேஜ் என்று நான் எழுதப் போவதில்லை, யாரையும் மாட்டிவிட வரவில்லை. (வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்கு: மொரீஷியஸில் கொலேஜ் என்றால் ஆறாம் கிரேடு முடித்த பிறகு போகும் மேல்நிலைப் பள்ளி.)

அந்த டி எப்படி வந்தது என்று சொல்கிறேன். பன்னிரண்டாம் கிரேடு நடுவில் பிசிக்ஸ் ஆசிரியை பிரசவ விடுப்பில் போனார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் இடத்துக்கு ஆள் வர ஏழு மாதம் ஆனது. ஏழு மாதம்! அந்தப் பீரியடில் பிள்ளைகள் லைப்ரரியில் உட்கார்ந்து தாங்களே புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் அவள் அலமாரியை ஒழுங்கு செய்யும்போது அந்த நோட்டு கையில் கிடைத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே நீல மையில் தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள், "கெப்பாசிட்டர்", "காந்தப்புலம்" என்று, கீழே வெறும் கோடுகள். ஒரு தலைப்புக்கு நாலு பக்கம், சிலவற்றுக்கு ஆறு. ஆசிரியர் வந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று இடம் விட்டு வைத்திருந்தாளாம். வந்தவர் என்ன செய்வார் பாவம், பரீட்சைக்கு வரும் பாடங்களை மட்டும் ஓட்டமாக நடத்தினார். அந்தப் பக்கங்கள் அப்படியே இருக்கின்றன.

லெசோன், அதாவது தனி ட்யூஷன், அனுப்பக்கூடாதா என்று கேட்பீர்கள். அனுப்பினோம், கணக்குக்கும் கெமிஸ்ட்ரிக்கும். பாடத்துக்கு மாதம் 1,200 ரூபாய். என் வீட்டுக்காரர் ஹோட்டலில் தோட்ட வேலை பார்க்கிறார், நான் தையல். மூன்றாவது பாடத்துக்குப் பணத்தைக்கூட எப்படியாவது புரட்டியிருப்போம், ஆனால் நல்ல பிசிக்ஸ் லெசோன் என்றால் கியூர்ப்பிப் போக வேண்டும், முடியும்போது மாலை ஆறு மணி, அப்புறம் இரண்டு பஸ் மாறி இருட்டில் தனியாக வீடு வர வேண்டும். மாட்டேன் என்று சொன்னது நான்தான். அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

அவளுடைய பெரியப்பா மகளும் அதே வருஷம்தான் எழுதினாள். இரண்டு பேரும் ஒரே பாட்டியிடம் வளர்ந்தவர்கள். ஒன்பதாம் கிரேடு என்.சி.இ. பரீட்சையில் அவள் ஒரு பாடத்தில் ஒரு படி மேலே வாங்கி, நல்ல கிரேடு வாங்கினவர்களை எடுக்கும் அக்காடமிக்குப் போனாள், இவள் வட்டாரக் கொலேஜிலேயே தங்கினாள். இப்போது அவளுக்கு இன்ஜினியரிங் கிடைத்துவிட்டது. அந்தப் பிள்ளை மேல் எனக்குப் பொறாமை இல்லை, பாயசம் வைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, இதற்கு முறையிட ஏதாவது வழி இருக்கிறதா? இன்னொன்று, கிரேடை மட்டும் பார்த்து இடம் கொடுப்பதை நியாயம் என்று நீங்கள் எல்லோரும் ஒத்துக்கொள்கிறீர்களா?

வாக்குவா அண்ணன்

தங்கச்சி, உங்கள் மகளுக்கு நடந்தது அநியாயம், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் இரண்டாவது கேள்விக்கு என் பதில் ஆமாம் என்பதுதான். கோபப்படாமல் படியுங்கள்.

என் அப்பா கரும்பு வெட்டினவர். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒரு மந்திரியைத் தெரியாது, ஒரு ரெக்டரை, அதாவது கொலேஜ் தலைமை ஆசிரியரை, தெரியாது. இந்த ஊரில் பாக்கிங், அதாவது பெரிய இடத்துச் சிபாரிசு, இல்லாமல் எது நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஹெச்.எஸ்.சி. தாளில் மட்டும் என் பெயருக்குப் பதில் ஒரு நம்பர் இருந்தது. அது கேம்பிரிட்ஜ் போனது. திருத்தினவருக்கு நான் தமிழனா, ஆப்பிரிக்க வழி வந்த கிரியோலா, யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று எதுவும் தெரியாது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை யார் என்று கேட்காமல் ஒருவர் மார்க் போட்டார். அதை வைத்துத்தான் நான் இன்று கணக்கர்.

மார்க்கோடு சூழ்நிலையையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தால், அந்தச் சூழ்நிலையைப் பார்ப்பது யார்? ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆள். அவருக்கு போன் போடத் தெரிந்தவர்கள் முதலில் உள்ளே போவார்கள், உங்கள் மகளோ என்னைப் போன்றவனோ இல்லை. அமெரிக்காவில் என்ன ஆனது பாருங்கள். ஹார்வர்டு பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவரோடு சேர்ந்தவர்களும் 2023-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே அளவு தேர்வு மதிப்பெண் எடுத்த பிள்ளைகளில், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட உச்சியில் இருக்கும் ஒரு சதவீதப் பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஹார்வர்டு மாதிரி பெரிய பல்கலைக்கழகங்களில் போய்ச் சேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். காரணம் மார்க் இல்லை. அப்பா அங்கே படித்தவர், பிள்ளை விளையாட்டு வீரன், பள்ளிக்கூடம் எழுதித் தந்த சிபாரிசு அருமை, இப்படிப் பெரும்பாலும் மார்க்குக்கு வெளியே இருப்பவைதான். அந்தக் கதவை இங்கே திறந்துவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ரெதுயி மாணவி

அக்கா, முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விடைத்தாளை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேம்பிரிட்ஜிடம் கேட்கும் முறை உண்டு. தனியாகக் கேட்க முடியாது, கொலேஜ் வழியாகத்தான் போக வேண்டும், கட்டணம் உண்டு, கெடு தேதி உண்டு. முடிவு வந்து இவ்வளவு நாள் ஆனபிறகு அநேகமாக அது முடிந்திருக்கும். முடியாமல் இருந்தாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், மறுபடி பார்த்தால் கிரேடு கூடலாம், குறையவும் செய்யலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் திருத்தினதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை, பாடமே நடக்கவில்லை. அதற்கு அந்த வழி உதவாது.

பிசிக்ஸை மட்டும் திரும்ப எழுதலாம். நான் அப்படித்தான் ரெதுயியில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குள் வந்தேன், எனக்கு அது கெமிஸ்ட்ரி. ஒரு வருஷம் போகிறதே என்று அம்மா அழுதார், ஆனால் இப்போது என் வகுப்பில் யாரும் என் வயதைக் கேட்பதில்லை. காத்திருக்க வேண்டாம் என்றால் யூனிவெர்சிதே தே மஸ்கரேஞிலும் இன்ஜினியரிங் பிரிவுகள் இருக்கின்றன, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துப் பிறகு டிகிரிக்குப் போகிறவர்களும் உண்டு. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் முதல் டிகிரிக்கு 2019 முதல் கல்விக் கட்டணம் இல்லை என்பதால் பணத்தை நினைத்து அந்தப் பக்கமே பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

வாக்குவா அண்ணன் சொன்னதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணா, தாளில் நம்பர்தான் இருக்கிறது, சரி. ஆனால் அந்தத் தாளை எழுதின கை எங்கே பழகினது? நான் திரும்ப எழுதிய வருஷம் ஒரு லெசோனுக்குப் போனேன். ஒரு வீட்டின் கராஜ், வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள் நாற்பது, ஒரு போர்டு, இரண்டு ஃபேன். அங்கே பாடம் நடத்தவில்லை, பத்து வருஷத்துக் கேள்வித்தாள்களைப் பிரித்துப் பிரித்து, திருத்துகிறவர் எந்த வார்த்தை இருந்தால் மார்க் போடுவார், எந்த வரி இல்லாவிட்டால் வெட்டுவார் என்று சொல்லிக்கொடுத்தார்கள். முதல் நாள் நான் பிரமித்துப் போனேன். முதல் தடவை எழுதும்போது எனக்குத் தெரிந்திருந்த கெமிஸ்ட்ரிதான் இரண்டாம் தடவையும் தெரிந்திருந்தது. சி-யை ஏ ஆக்கியது அந்த கராஜ். அந்தச் சார் காலையில் ஒரு கொலேஜிலும் பாடம் எடுக்கிறவர். அங்கே அவரிடம் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் சாயங்காலம் கராஜுக்கு வர முடியும்?

ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த வெற்றுப் பக்கங்கள் என்னைப் பழைய நாட்களுக்குக் கொண்டுபோய்விட்டன.

1975 மே 20-ஆம் தேதி எனக்குப் பதினாறு வயது. ரோஸ் ஹில்லில் ஒரு தனியார் கொலேஜில் படித்தேன், அப்பா மாதா மாதம் கடன் வாங்கி ஃபீஸ் கட்டினார். அரசு நடத்திய ராயல் கொலேஜ் பிள்ளைகளுக்கு லேப் இருந்தது, டிகிரி வாங்கிய ஆசிரியர்கள் இருந்தார்கள். எங்களுக்கு நாங்கள் முடித்த ஃபார்ம் ஃபைவையே (இன்றைய பதினொன்றாம் கிரேடு) முடித்துவிட்டு வந்து பாடம் எடுத்தவர்கள் இருந்தார்கள். கடைசியில் எல்லோருக்கும் ஒரே கேம்பிரிட்ஜ் தாள். அன்று போர்ட் லூயிக்கு நடந்தோம், கிராண்ட் ரிவர் பாலத்தில் போலீஸ் மறித்தது. என் ஒரு செருப்பு அங்கேயே போய்விட்டது, வீட்டுக்கு வெறுங்காலோடு வந்ததற்கு அப்பாவிடம் அடி வாங்கினேன். 1977-ல் இடைநிலைக் கல்வி இலவசம் ஆனது. என் தம்பி அதில்தான் படித்தான். ஃபீஸ் போனது, ஆனால் நல்ல கொலேஜ், சுமாரான கொலேஜ் என்ற வேறுபாடு போகவில்லை. ஃபீஸ் இருந்த இடத்தில் லெசோன் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் 1995. நம் ஆட்கள் இதைப் பற்றிப் பேசும்போது பாதியைத்தான் பேசுகிறோம், நான் முழுவதையும் சொல்கிறேன். அப்போது ஆரம்பப் பள்ளி முடிவில் சி.பி.இ. பரீட்சை. அதில் வரும் ராங்க்தான் எந்தக் கொலேஜ் என்று முடிவு செய்யும். ராங்குக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, கணக்கு, சுற்றுச்சூழல் பாடம் மட்டும்தான் கணக்கில் வந்தன. தமிழோ இந்தியோ உருதுவோ படித்த பிள்ளை ஆறு வருஷம் உழைத்தும் அந்த மார்க் எதற்கும் உதவாது. அது அநியாயம் என்று நான் பேசினேன், கூட்டங்களுக்குப் போனேன், இன்றும் அதையே சொல்வேன். அந்த வருஷம் கீழை மொழிகளையும் ராங்குக்குச் சேர்ப்பதாக அமைச்சர் விதி கொண்டுவந்தார்.

அந்த வாரம் ஒரு கிரியோல் அம்மா என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். எங்கள் பள்ளியில் தமிழ் நேரத்தில் அவர் பையன் வெளியே மாமரத்தடியில் இருப்பான், ஜன்னல் வழியாக நான் பார்த்திருக்கிறேன். "மிஸ்யே, இவனையும் உங்கள் வகுப்பில் உட்கார வையுங்கள், பரீட்சைக்குள் படித்துவிடுவானா?" என்று கேட்டார். அந்தப் பையனுக்கு அ கூடத் தெரியாது. மற்றவர்கள் ஐந்து வருஷம் படித்துவிட்டார்கள். நான் என்ன சொல்வது? முடியாது அம்மா என்றேன். அவர் திட்டவில்லை, தலையை ஆட்டிவிட்டுப் போனார். தமிழுக்காக நான் கேட்டது சரி, அந்தப் பையனுக்கு நடுவழியில் விதியை மாற்றியது தப்பு. இரண்டும் ஒரே நாளில் ஒரே வகுப்பு வாசலில் நின்றன.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். பெற்றோர்கள் சுப்ரீம் கோர்ட் போய் ஜெயித்தார்கள். அரசியல் சட்டத்தைத் திருத்தப் பார்த்தார்கள், நாடாளுமன்றத்தில் போதுமான ஆதரவு கிடைக்கவில்லை. டிசம்பரில் தேர்தல் வந்தது, மொரீஷியஸ் தீவின் 60 இடங்களையும் எதிர்க்கட்சிக் கூட்டணி வாரிக்கொண்டது. அமைச்சர் செய்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் இல்லை என்று நம் கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் ப்ரிவி கவுன்சில் 1998-ல் தீர்ப்பு சொன்னது. ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை எந்தக் கொலேஜுக்குப் போவது என்ற கேள்விக்காக இவ்வளவும் நடந்தது.

ஏன் சொல்கிறேன் என்றால், சண்டை எப்போதும் வாசலில்தான் நடக்கிறது. எந்த மார்க்கைச் சேர்ப்பது, யாரை உள்ளே விடுவது என்று. மாமரத்தடியில் ஐந்து வருஷம் ஒரு பையன் சும்மா இருந்ததை அந்த ஐந்து வருஷமும் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் கொலேஜில் ஏழு மாதம் ஆசிரியர் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதுவதற்கு முன் அதை எழுதுங்கள். அடுத்த வருஷப் பிள்ளைகள் இப்போதே அந்த லைப்ரரியில் உட்கார்ந்திருக்கலாம்.

தெற்குப் பக்கத்து அம்மா

ஐயா, கண் கலங்கிவிட்டது. ரெக்டரிடம் அப்போதே இரண்டு தடவை கேட்டேன், மேலே எழுதியிருக்கிறோம், ஆள் அனுப்பவில்லை என்றார். அதற்கு மேல் எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. சின்னக் கொலேஜ், நாங்களும் சத்தம் போட்டுப் பழகாதவர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பதினொன்றாம் கிரேடு வரை அவள் தமிழும் படித்தாள், நன்றாகப் படித்தாள். சயன்ஸ் எடுத்ததும் விட்டுவிட்டாள், நேரம் இல்லை என்று. அந்த நேரமாவது மிச்சமானதா என்றால் அதுவும் இல்லை.

ஃபிளாக் வாசி

நான் இந்திய அரசின் உதவித்தொகையில் சென்னையில் படித்துவிட்டு வந்தவன், அங்கே பார்த்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் வாக்குவா அண்ணன் பயப்படுவது போல மேசைக்குப் பின்னால் ஒரு ஆள் இல்லாமலேயே சூழ்நிலையைப் பார்க்க முடியும்.

தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ மார்க்கை வைத்து டாக்டர் படிப்புக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2017-லிருந்து நீட் தேர்வு கட்டாயம் ஆனது. கோச்சிங் சென்டருக்கு லட்சக்கணக்கில் கட்டி, ஒரு வருஷம் இரண்டு வருஷம் உட்கார்ந்து படித்தவர்கள் முன்னால் போனார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் டாக்டர் சீட் வாங்கினவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது. 2020-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தேறினவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம். முதல் வருஷத்திலேயே சில நூறு பிள்ளைகள் உள்ளே போனார்கள். கூலி வேலை செய்கிறவர் மகள், ஆடு மேய்க்கிறவர் மகன் என்று பத்திரிகையில் படம் வந்தது.

இதில் போன் போட இடம் இல்லை பாருங்கள். எந்தப் பள்ளியில் படித்தாய் என்பது ஏட்டில் இருக்கிறது, அதை யாரும் சிபாரிசில் மாற்ற முடியாது. அவர்களுக்குள் மறுபடியும் மார்க்தான். இங்கேயும் அப்படி ஒன்று செய்தால் என்ன? வட்டாரக் கொலேஜ்களில் படித்தவர்களுக்கென்று இன்ஜினியரிங், மருத்துவம், சட்டம் மாதிரி இடம் குறைவான படிப்புகளில் ஒரு பங்கு. ஸ்காலர்ஷிப் விஷயத்தில் குடும்ப வருமானத்தையும் பார்க்கும் பழக்கம் நம் அரசுக்கு ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம்.

அங்கேயும் இதற்கு எதிர்ப்பு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைக்கு அந்த 7.5-ல் இடம் இல்லை. எங்கே கோடு போட்டாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை நிற்கத்தான் செய்யும். அதற்காகக் கோடே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாக்குவா அண்ணன்

ஃபிளாக் தம்பி சொன்னது எனக்குப் புதிது. பள்ளியை வைத்து ஒதுக்குவதில் ஆள் தலையீடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பயம் இருக்கிறது. வசதி உள்ளவர்கள் வீட்டு விலாசத்தை மாற்றிப் பிள்ளையை அந்தக் கொலேஜில் பெயருக்குப் போட்டுவிட்டு, மூன்று கராஜுக்கு அனுப்புவார்கள். கடைசி இரண்டு வருஷம் மட்டும் போதாது, ஏழாம் கிரேடிலிருந்து அங்கே படித்திருக்க வேண்டும் என்று வைத்தால் நான் எதிர்க்க மாட்டேன். பங்கு வந்தாலும் அதற்குள் மார்க்தான் பேச வேண்டும், அதில் நான் இறங்க மாட்டேன்.

ரெதுயித் தங்கச்சி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு லெசோனுக்குப் பணம் கட்டினது என் மாமா. அவர் இல்லையென்றால் அந்த நம்பர் போட்ட தாளில் நான் என்ன எழுதியிருப்பேன் என்று நேற்று ராத்திரி யோசித்தேன்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

அம்மா, நடைமுறைக்கு வருவோம். ஒரு தாளில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை பிசிக்ஸ் வகுப்பு நடக்கவில்லை என்று மட்டும் எழுதுங்கள். கோபத்தை எழுத வேண்டாம். அந்த வகுப்பில் படித்த மற்றப் பிள்ளைகளின் பெற்றோர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மகளின் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இணையுங்கள், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரு பிரதி அமைச்சகத்துக்கு, ஒன்று உங்கள் தொகுதி எம்.பி.க்கு, ஒன்று ரெக்டருக்கு. ரெக்டரை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள், ஆள் கேட்டு அவர் மேலே எழுதிய கடிதங்களின் நகலையும் தரச் சொல்லிக் கேளுங்கள்.

தெற்குப் பக்கத்து அம்மா

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், தையல் வேலை அதிகம்.

வகுப்பில் பிசிக்ஸ் எடுத்தவர்கள் பதினான்கு பேர். பதினோரு வீட்டுக்கு நானே போய்வந்தேன், ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு அப்பா, பையன் இப்போது வேலைக்குப் போகிறான், இனி எதற்கு என்றார், வற்புறுத்தவில்லை. ஒரு அம்மா தன் மகனுடைய நோட்டையும் எடுத்துக் காட்டினார், அவனும் அதே மாதிரி பக்கம் விட்டு வைத்திருக்கிறான். ரெக்டர் நகல் தருகிறேன் என்றார், இன்னும் தரவில்லை, வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன்.

மகள் பிசிக்ஸைத் திரும்ப எழுதுவதாக முடிவு செய்துவிட்டாள். பெரியப்பா மகள் சனிக்கிழமை காலையில் வருகிறாள், இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து படிக்கிறார்கள். கெப்பாசிட்டரில் ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு சந்தேகம். கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதுவதா, பிரெஞ்சிலா? எனக்குப் பிரெஞ்சுதான் கொஞ்சம் சரளம்.

ரெதுயி மாணவி

ஆங்கிலத்தில் எழுதுங்கள் அக்கா. பிரெஞ்சில் எழுதி எனக்கு அனுப்பினால் இன்று ராத்திரியே மாற்றித் தருகிறேன். தேதிகளை மட்டும் நோட்டைப் பார்த்து இன்னொரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.